தூக்கத்தைப் பற்றி ஒரு சிறப்புரை

அப்பா: …ஆகவே மாணவச் செல்வங்களே, படுத்தவுடனே கண்ணை மூடிடணும். அவ்வளவுதான். எழுதிக்கிட்டியா?

மகள்: எழுதிட்டேன். அப்புறம்?

அப்பா: அப்புறம் என்ன… தூக்கம் வந்துடும்.

மகள்: அப்பா, இருபது நிமிஷம் பேசணும்ப்பா. இது அரை நிமிஷத்துக்குக்கூட வராது.

அப்பா: நடுவுல தண்ணி குடிப்பேன். கண்ணாடியைக் கழட்டித் துடைப்பேன்.

மகள்: எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் நோட்டீஸ் போர்டுல என்ன எழுதிப் போட்டிருக்காங்க தெரியுமா? "தேர்வுக் காலத்தில் நிம்மதியான உறக்கம், சிறப்புரை." அதுக்குக் கீழ உங்க பேரு. பேருக்குக் கீழ "தூக்க நிபுணர்".

அப்பா: நிபுணரா? நான் குடிநீர் ஆபீஸ்ல கிளார்க்கும்மா.

அம்மா: கிளார்க்குன்னு போட்டா யாரு வருவா? தூங்கற கிளார்க்கைப் பார்க்கணும்னா நேரா ஆபீஸுக்கே போய்ப் பார்த்துக்க மாட்டாங்களா?

அப்பா: நீ சட்டையைத் தேய். காலர் கிட்ட மடிப்பு நிக்குது பாரு.

அம்மா: நிக்கட்டும். நிபுணர்னா கொஞ்சம் கசங்கலாத்தான் இருப்பாங்க.

அப்பா: எல்லாம் அந்த மாடி வீட்டம்மா பண்ணின வேலை. நான் பாட்டுக்கு என் வீட்ல தூங்கிட்டிருந்தேன்.

மகள்: பேரன்ட்ஸ் மீட்டிங்ல எழுந்து நின்னுட்டாங்கப்பா. "எங்க கீழ் வீட்ல ஒரு மனுஷன் இருக்கார். ஞாயித்துக்கிழமை அவருக்கு டிபார்ட்மென்ட் பரீட்சை. பாஸ் பண்ணினாத்தான் சூப்பிரண்டு ஆகலாம். ஆனா விளக்கை அணைச்சதும் குறட்டை. விடிய விடியக் குறட்டை. அவரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்க"ன்னு.

அம்மா: அதுக்கு முன்னாடி தன் பையனையே கூட்டிட்டு வந்து காட்டினாங்களே. நீங்க சோபாவுல வாயைத் திறந்துக்கிட்டுப் படுத்திருக்கீங்க. அவங்க பையன் தோளைப் பிடிச்சு நிறுத்தி, "பார்த்துக்கோ. இவருக்கும் பரீட்சைதான். உன் வயசுல மூணு மடங்கு. எப்படித் தூங்கறார் பாரு"ங்கறாங்க.

அப்பா: எழுப்பியிருக்கலாமே என்னை.

அம்மா: கண்காட்சியை யாராவது எழுப்புவாங்களா?

மகள்: சரி சரி, பேச்சுக்கு வாங்க. "விஞ்ஞானிகள் கூறுகிறார்கள்"னு ஒரு வரி சேர்த்துக்கலாம்.

அப்பா: எந்த விஞ்ஞானி?

மகள்: யாராவது ஒருத்தர் சொல்லியிருப்பார்ப்பா. தூக்கம் கெட்டதுன்னா சொல்லப் போறார்?

அப்பா: என்ன சொன்னார்னு கேட்டா?

மகள்: யாரும் கேட்க மாட்டாங்க. எல்லாரும் உட்கார்ந்தபடியே தூங்கிட்டிருப்பாங்க. ராத்திரியெல்லாம் அட்டவணை போட்டுட்டு வர்றவங்க.

அம்மா: எந்த அட்டவணை?

மகள்: தூக்க அட்டவணைம்மா. தினம் எத்தனை மணிக்குப் படுத்தோம், எப்ப எழுந்தோம், நடுவுல எத்தனை தடவை முழிச்சோம்னு கட்டம் போட்டுக் காட்டணும். ஆழ்ந்த தூக்கம்னா நீலம், அரைத் தூக்கம்னா மஞ்சள். பார்டர் போட்டாத்தான் நல்ல மார்க்கு. அதைப் போட்டு முடிச்சு நிமிர்ந்தா பால்காரர் வந்துடறார்.

அப்பா: அப்ப எப்பத்தான் தூங்கறாங்க?

மகள்: யாரு தூங்கறா? எல்லாரும் நீலம் அடிச்சு வச்சிருக்காங்க. முதல் ரேங்க் வாங்கறவ இருக்காளே, "நான் ஒண்ணுமே படிக்கலைடி, நல்லாத் தூங்கிட்டேன்"னு தினம் வந்து சொல்றா. கண்ணுக்குக் கீழ கரி பூசின மாதிரி இருக்கு. அதைப் பார்த்து ரெண்டாவது ரேங்க்காரிக்கு இன்னும் பயம். தூங்கறேன்னு சொல்றாளே, அப்ப எவ்வளவு படிச்சிருப்பாளோன்னு.

அம்மா: எங்க மருந்துக்கடையிலயும் அதே கதைதான். காலைல ஒரு அம்மா வந்து, பிள்ளைக்குத் தூக்கம் வராம இருக்க ஏதாவது மருந்து கொடுங்கன்னாங்க. டாக்டர் சீட்டு இல்லாம நான் ஒண்ணும் தரமாட்டேன்னு அனுப்பிட்டேன். அதே அம்மா சாயங்காலம் வந்து, பிள்ளைக்குத் தூக்கம் வர்றதுக்கு ஏதாவது கொடுங்கங்கறாங்க. சரிதான், காலைல வாங்கியிருந்தா சாயங்காலம் அதைத் திருப்பிக் கொடுத்திருக்கணும்.

அப்பா: எங்க ஆபீஸ் மட்டும் என்ன வாழுதாம். பரீட்சை எழுதற ஆளுங்க எல்லாம் பேயடிச்ச மாதிரி நடமாடறாங்க. கேஷியர் நேத்து ஒரே ரசீதை வரிசையில நின்ன எல்லாருக்கும் காட்டி அனுப்பிட்டார். டைப்பிஸ்ட் அம்மா பாதி வரியில தலையை மிஷின் மேல வச்சுட்டாங்க. நிமிர்ந்தா நெத்தியில எழுத்து. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு நடு ஹால்ல நிறுத்தி, "இவரைப் பார்த்துக் கத்துக்குங்க"ன்னார்.

அம்மா: நீங்க என்ன சொன்னீங்க?

அப்பா: நான் என்ன சொல்றது… அடக்கமா நின்னேன்.

அம்மா: நின்னிருப்பீங்க, நின்னிருப்பீங்க. ஆனா ஒண்ணு சொல்லணும். இதே மனுஷன் போன தடவை எப்படி இருந்தார்னு எனக்குத்தான் தெரியும்.

அப்பா: அதை இப்ப எதுக்கு…

அம்மா: பேச்சுக்கு உதாரணம் வேணாமா? எழுதிக்கடி. போன தடவை பரீட்சைக்கு ஒரு வாரம் கண்ணைப் பொட்டுக்கூட மூடலை. பக்கெட்ல பச்சைத் தண்ணியை வச்சுக்கிட்டு, காலை அதுல விட்டுக்கிட்டு விதிப் புத்தகம் படிச்சார். பரீட்சை ஹாலுக்குப் போனார். கேள்வித்தாளை வாங்கினார். அப்படியே அது மேல கன்னத்தை வச்சுத் தூங்கிட்டார்.

மகள்: சூப்பர்வைசர் எழுப்பலையா?

அம்மா: பாவம், இவ்வளவு அசந்து தூங்கறாரேன்னு விட்டுட்டாராம். நல்ல மனுஷன். கடைசி மணி அடிச்சப்புறம்தான் தோளைத் தட்டியிருக்கார். தாளை இழுத்தா வரலை, கன்னத்தோட ஒட்டிக்கிச்சு.

அப்பா: அதுக்கு முந்தின தடவை முழிச்சிட்டுத்தான் இருந்தேன்.

அம்மா: முழிச்சிட்டிருந்தீங்க. கேள்வி ஒண்ணுக்கு எழுத வேண்டிய பதிலைக் கேள்வி மூணுக்கு எழுதிட்டு வந்தீங்க. கண்ணு திறந்திருந்தா முழிப்புன்னு அர்த்தமா? மீன்கூடத்தான் கண்ணைத் திறந்து வச்சிருக்கு.

அப்பா: போதும், போதும். நான் ஸ்கூல்ல போய் என் தோல்வியைப் பேசறதுக்கா கூப்பிட்டிருக்காங்க?

மகள்: இல்லப்பா, நல்லாருக்கு இது. "அன்று நான் தூங்காமல் தோற்றேன். இன்று தூங்கி…" அப்படின்னு ஆரம்பிக்கலாம்.

அப்பா: இன்று தூங்கி… என்ன?

மகள்: அதான்… நாளைக்கு எழுதப் போறீங்கல்ல. "தூங்கி எழுந்து எழுதப் போகிறேன்."

அப்பா: ம்.

மகள்: என்ன ம்?

அப்பா: ஒண்ணுமில்ல. ம்.

அம்மா: நாளைக்குக் காலைல எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

அப்பா: அது… ஒன்பது… ஒன்பதரைக்குக் கிளம்பினாப் போதும்.

அம்மா: எந்த இடத்துல போட்டிருக்காங்க?

அப்பா: ஏதோ ஒரு ஸ்கூல்ல. அந்தப் பக்கம்தான்.

அம்மா: எந்தப் பக்கம்?

அப்பா: போற வழியிலதான். ஆபீஸ்ல விசாரிச்சா சொல்வாங்க.

அம்மா: நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ஆபீஸ்ல பூட்டுகிட்டயா விசாரிப்பீங்க?

அப்பா: வாட்ச்மேன் இருப்பான்.

அம்மா: ஓ… சரி. உங்களுக்குத் தெரியாததா.

மகள்: அம்மா…

அம்மா: நீ எழுதுடி.

மகள்: அப்பா, நான் ஒண்ணு கேட்கவா? பேச்சுல இல்ல, உங்க பாடத்துல. ஒருத்தர் லீவு போட்டிருக்கார். லீவு முடியற அன்னிக்கு வேலைக்கு வராம இன்னும் நாலு நாள் வேணும்னு ஆளை அனுப்பிச் சொல்றார். என்ன செய்யணும்?

அப்பா: ஆளை அனுப்பினாச் செல்லாது. எழுத்துல வரணும், லீவு முடியறதுக்கு முன்னாடியே வரணும். உடம்பு சரியில்லைன்னா டாக்டர் சர்டிபிகேட்டைப் பின்னால கொடுத்துக்கலாம். ரெண்டும் இல்லைன்னா வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது, சீனியாரிட்டியில கை வைக்க மாட்டாங்க. முதல் தடவைன்னா ஒரு எச்சரிக்கையோட விடலாம்.

அம்மா: இன்னொண்ணு கேளு.

மகள்: தண்ணி மீட்டர் ஓடலை. பில் எப்படிப் போடுவாங்க?

அப்பா: முந்தின ஆறு மாசத்துச் சராசரி. வீடு பூட்டிக் கிடந்துச்சுன்னு அவங்க நிரூபிச்சா குறைஞ்சபட்சக் கட்டணம். மீட்டரை அவங்களே உடைச்சிருந்தா அது தனி அத்தியாயம்.

அம்மா: இன்னொண்ணு…

அப்பா: என்ன ரெண்டு பேரும் சேர்ந்து என்னை இன்டர்வியூ பண்றீங்க? தினம் சாயங்காலம் அந்தப் புத்தகத்தை வச்சுக்கிட்டு உட்கார்றேன்ல. கண்ணுல பட்டது மனசுல ஒட்டிக்கிச்சு. இதுல என்ன அதிசயம்.

அம்மா: அதிசயம் ஒண்ணும் இல்லைங்க. சட்டை தேய்ச்சாச்சு. மாடி வீட்டக்கா அவங்க கார்லயே நம்மளையும் வரச் சொன்னாங்க. எப்பக் கிளம்பறாங்கன்னு கேட்டுட்டு வரேன். அதுக்குள்ள பேச்சை முடிங்க.

மகள்: கடைசியில அறிவிப்பு ஒண்ணு இருக்கும்மா. அப்பா பேசி முடிச்சதும் ஹெட்மிஸ்ட்ரஸ் நன்றி சொல்லிட்டு, திங்கக்கிழமைலேருந்து காலைல அஞ்சு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்வாங்களாம்.

அம்மா: அஞ்சு மணிக்கா? தூக்கத்தைப் பத்திப் பேசின கையோடயா?

மகள்: அதுக்குத்தானேம்மா பேசவே கூப்பிட்டிருக்காங்க. நல்லாத் தூங்கிட்டாங்கன்னா அஞ்சு மணிக்கு வந்துடலாமாம்.

அம்மா: நல்ல பள்ளிக்கூடம். நான் வரேன்.

அப்பா: "அன்று நான் தூங்காமல் தோற்றேன்"… இதை அழுத்திச் சொல்லணுமா, மெதுவாச் சொல்லணுமா?

மகள்: அம்மா படியேறியாச்சு. அப்பா, பேப்பரைக் கீழ வைங்க.

அப்பா: ஏன்? ரெண்டாவது பாயின்ட்டே இன்னும்…

மகள்: வைங்கப்பா. நான் பேச்சுக்காகக் கேட்கலை, எனக்காகக் கேட்கறேன். நிஜமா எப்படிப்பா உங்களுக்குத் தூக்கம் வருது?

அப்பா: அதான் சொன்னேனே. மனசைத் தெளிவா வச்சுக்கிட்டு…

மகள்: அது மாணவச் செல்வங்களுக்கு. நான் உங்க பொண்ணு.

அப்பா: என்னம்மா இது, திடீர்னு…

மகள்: எனக்குத் தூக்கம் வரலைப்பா. விளையாட்டுக்குச் சொல்லலை. படுத்தா கண்ணு மூடிக்குது, உள்ள யாரோ முழிச்சு உட்கார்ந்திருக்க மாதிரி இருக்கு. நேத்து லேப்ல நின்னுக்கிட்டே தூங்கிட்டேன். டீச்சர் கையைப் பிடிச்சு இழுக்கலைன்னா அடுப்பு மேலயே சாய்ஞ்சிருப்பேன்.

அப்பா: ஐயோ. அம்மாகிட்ட ஏன் சொல்லலை?

மகள்: சொன்னா என்ன பண்ணுவாங்க? பால் குடிச்சுட்டுப் படுன்னுவாங்க. குடிச்சுட்டுத்தான் படுக்கறேன். முந்தாநாள் மாதிரித் தேர்வு எழுதினேன். பேர் எழுதற இடத்துல என் பேருக்குப் பதிலா உங்க பேரை எழுதிட்டேன்.

அப்பா: என் பேரையா?

மகள்: ஆமா. இனிஷியலோட. டீச்சர் எல்லாருக்கும் படிச்சுக் காட்டிச் சிரிச்சாங்க.

அப்பா: அப்பா மேல அவ்வளவு பாசமாடா குட்டி உனக்கு…

மகள்: பாசம் இல்லப்பா. சரி, பாசமும்தான். நீங்க சொல்லுங்க. ஊரே கேட்குது உங்களை. நான் கேட்டா மட்டும் மழுப்பறீங்க.

அப்பா: மழுப்பலை…

மகள்: எனக்கு மட்டும் ஏன் வர மாட்டேங்குது? என்கிட்ட ஏதாவது கோளாறா?

அப்பா: சேச்சே. கோளாறு உன்கிட்ட இல்ல.

மகள்: பின்ன?

அப்பா: குட்டி… நான் ஒண்ணு சொல்றேன். அம்மா காதுக்குப் போகக் கூடாது.

மகள்: சொல்லுங்க.

அப்பா: சிரிக்கவும் கூடாது.

மகள்: சிரிக்கற நிலைமையிலயா இருக்கேன். சொல்லுங்கப்பா, சீக்கிரம்.

அப்பா: எனக்குத் தூக்கம் வர்றது… மனசு தெளிவா இருக்கறதால இல்ல. ஒரு வித்தையும் இல்ல அதுல.

மகள்: ம்.

அப்பா: நாளைக்கு எனக்குப் பரீட்சையே இல்ல.

மகள்: இல்லையா?

அப்பா: பரீட்சை இருக்கு. எனக்கு இல்ல. நான் அப்ளிகேஷனே போடலை.

மகள்: அம்மாகிட்ட போட்டாச்சுன்னு சொன்னீங்களே.

அப்பா: சொன்னேன். போடணும்னுதான் இருந்தேன். போன்லயே போட்டுடலாம். தினமும் கையில எடுப்பேன், கீழ வச்சுடுவேன். மூணு தடவை தோத்தாச்சு குட்டி. ரிசல்ட் வந்த அன்னிக்கெல்லாம் உங்க அம்மா ஒரு வார்த்தை திட்டலை, தெரியுமா? "விடுங்க, அடுத்த தடவை பார்த்துக்கலாம்"னு தட்டை வைப்பா. அந்தத் தட்டை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தைரியம் இல்ல. எழுதாம விட்டா அது தோல்வி கணக்குல வராதுல்ல.

மகள்: அப்ப நாளைக்கு?

அப்பா: கிளம்பிப் போய் பார்க்ல உட்கார்ந்திருப்பேன். மணி ஆனதும் வந்து, "பரவாயில்லாம எழுதியிருக்கேன்"னு சொல்லுவேன். அப்புறம் ரிசல்ட் வரும், என் பேர் இருக்காது. எப்பவும் போலத்தான். யாருக்கும் வித்தியாசம் தெரியப் போறதில்லை.

மகள்: ஆபீஸ்ல?

அப்பா: அங்க அவனவன் பயம் அவனவனுக்கு. பக்கத்து மேஜைக்காரன் எழுதறானா இல்லையான்னு எவன் பார்த்தான்? கடைசித் தேதி அன்னிக்கு ராத்திரி படுத்தேன் பாரு… அப்படி ஒரு தூக்கம் என் கல்யாணத்துக்கு முன்னாடி தூங்கினது.

மகள்: அம்மா கேட்டா அடிப்பாங்க.

அப்பா: அதான் சொல்லாதேங்கறேன். ஆனா உன்கிட்ட மறைக்க மனசு வரலை. அங்க மேடையில நின்னு நான் உளறப் போறேன். நீ கீழ உட்கார்ந்து, அப்பாவால முடியுது, நம்மளால முடியலையேன்னு நினைச்சுக்கக் கூடாது. பரீட்சை இருக்கறவளுக்குத் தூக்கம் வராதுதான். அதுல உன் தப்பு ஒண்ணுமே இல்ல. பரீட்சை இல்லாதவன்தான் குறட்டை விடறான். என்னடா? ஏன் அப்படிப் பார்க்கறே?

மகள்: இருங்க… நீங்களாத்தானே சொன்னீங்க? நான் வாயைப் பிடுங்கலையே?

அப்பா: நல்லாவே பிடுங்கினே. இருந்தாலும் நானாத்தான் சொன்னேன். ஏன்?

மகள்: அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. நீங்களா வாயைத் திறந்தா ஒழிய நானும் திறக்கக் கூடாதுன்னு.

அப்பா: என்ன சத்தியம்? எதைப் பத்தி?

மகள்: உங்களுக்கு நாளைக்குப் பரீட்சை இருக்குப்பா.

அப்பா: ஊருக்கே இருக்கு. எனக்கு இல்லைன்னுதானே இவ்வளவு நேரம்…

மகள்: உங்களுக்கு இருக்கு. கடைசி நாள் ராத்திரி நீங்க தூங்கினதும் அம்மா உங்க போனை எடுத்துட்டு வந்து என் கையில கொடுத்தாங்க. நான்தான் உங்க பேர்ல அப்ளிகேஷன் போட்டேன்.

அப்பா: நீயா…

மகள்: நீங்க அந்த ரூம்ல குறட்டை விட ஆரம்பிச்சீங்க. நான் இந்த ரூம்ல உங்க போட்டோவை ஏத்திட்டிருந்தேன்.

அப்பா: விளையாடாதே.

அம்மா: அவ விளையாடலை. கார் வர இன்னும் நேரம் இருக்காம். ஏன்டி, கொட்டிட்டியா எல்லாத்தையும்?

மகள்: அவரேதான் முதல்ல சொன்னாரும்மா. சத்தியமா.

அம்மா: ஒரு ராத்திரி பொறுத்திருக்கக் கூடாதா? நாளைக்குக் காலைல குளிப்பாட்டி… குளிச்சுட்டு வந்ததும் நானே சொல்லிக் கூட்டிட்டுப் போறதா இருந்தேன். இன்னிக்குத் தூக்கத்துல மண்ணைப் போட்டுட்டியே.

அப்பா: உனக்கு எப்படித் தெரிஞ்சுது? நான் போடலைன்னு?

அம்மா: மருந்துக்கடையில நின்னு நின்னு, எதிர்ல நிக்கற முகத்தைப் பார்த்தே வியாதி சொல்லுவேன். அப்ளிகேஷன் போட்டேன்னு சொன்னீங்களே, அப்ப உங்க முகத்துல பயமே இல்ல. போட்டிருந்தா இருந்திருக்கும்.

அப்பா: அதுக்காக என்கிட்ட சொல்லாமலா? இது என்ன நியாயம்?

அம்மா: சொல்லியிருந்தா பக்கெட்டை எடுத்திருப்பீங்க. காலைத் தண்ணியில விட்டிருப்பீங்க. நாளைக்குக் கேள்வித்தாள் மேல கன்னம்.

அப்பா: நான் ஒண்ணுமே படிக்கலைம்மா. தினம் சாயங்காலம் புத்தகத்தை வச்சுக்கிட்டு உட்கார்ந்ததெல்லாம்… உன்னை ஏமாத்தறதுக்கு.

அம்மா: தெரியும். நல்லா ஏமாத்தினீங்க, வரி விடாம ஏமாத்தினீங்க. இப்ப அவ கேட்டப்ப மீட்டர் ஓடாட்டி என்னன்னு யோசிக்காமச் சொன்னீங்க. போன தடவை வீட்ல நான் இதே கேள்வியைக் கேட்டப்ப நகத்தைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க, ஞாபகம் இருக்கா?

அப்பா: அது பயம் இல்லாமப் படிச்சது. இனிமே பயம் வந்துடுமே… இப்பவே வந்துடுச்சு. நான் எழுத மாட்டேன்.

அம்மா: எழுதுவீங்க.

அப்பா: பெயிலானா?

அம்மா: ஆனா என்ன? தூங்காம மூணு தடவை பெயிலாகியாச்சு. தூங்கி ஒரு தடவை பெயிலாகிப் பாருங்க. உடம்புக்காவது நல்லது.

அப்பா: மறுபடி அந்தத் தட்டு…

அம்மா: எந்தத் தட்டு?

அப்பா: ஒண்ணுமில்ல.

அம்மா: இங்க பாருங்க. நீங்க சூப்பிரண்டு ஆகணும்னு எனக்கு ஒண்ணும் வேண்டுதல் இல்ல. பாஸாகாட்டிப் போங்க. ஆனா எங்களுக்குப் பயந்துக்கிட்டு எங்கயாவது போய் உட்கார்ந்துட்டு வரலாம்னு நினைச்சீங்க பாருங்க, அது எனக்கு ஆறலை. நான் என்ன அவ்வளவு மோசமாவா தட்டு வச்சேன்?

அப்பா: …இல்லம்மா. ரொம்ப நல்லா வச்சே. அதான்.

அம்மா: சரி, விடுங்க. சட்டையைப் போடுங்க. ஸ்கூல்ல எல்லாரும் காத்திருப்பாங்க.

அப்பா: இப்ப நான் போய்த் தூக்கத்தைப் பத்திப் பேசணுமா? இந்த நிலைமையில?

அம்மா: பேசுங்க. ராத்திரி தூங்கப் போறதில்லை, பேசவாவது செய்யலாமே.

அப்பா: நல்லா இருக்கு. வீட்ல ரெண்டு பேரும் சேர்ந்து ஒருத்தனைத் தூங்க வச்சு ஏமாத்தியிருக்கீங்க. சரி, இவளாவது பெரியவ, ஏதோ கணக்குப் போட்டுப் பண்ணினா. குட்டி, நீ ஏன்டா தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டே? புதன்கிழமைதானே உனக்குப் பரீட்சை. அதுக்கா இவ்வளவு பயம்?

மகள்: எனக்கு என்னப்பா பயம்? என் பாடத்தையெல்லாம் எப்பவோ முடிச்சாச்சு. ராத்திரி விளக்கை அணைச்சதும் நீங்க குறட்டை விட ஆரம்பிப்பீங்க. பாவம் எங்க அப்பா, ஞாயித்துக்கிழமை அவருக்குப் பரீட்சை, அது அவருக்கே தெரியாதுன்னு நினைச்சுக்குவேன்… அப்புறம் எங்கப்பா எனக்குத் தூக்கம் வரும்?